நிழலுக்கு அஞ்சும் விலங்கு

கேள்வி: ஒரு கற்பனை உலகத் தொடர்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு. அங்கே மாடு வளர்ப்பது போல வீட்டுக்கு வீடு ஒரு டைனோசர் வளர்க்கிறார்கள். நீண்ட கழுத்து, ஆறு மீட்டர் நீளம், தலையில் இரட்டைக் கொம்பு, முதுகில் முள் வரிசை, வாலில் குண்டு. முதல் அத்தியாயத்தில் கதாநாயகி ஒரு குட்டியை அதன் தாயிடமிருந்து திருடி வருகிறாள். படித்துப் பார்த்த நண்பர்கள் "பொம்மை மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். இதற்கு உயிர் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆறு மீட்டரோடு வளர்ச்சி முடிந்துவிடுகிற நீள்கழுத்து டைனோசர் இந்தப் பூமியில் உண்மையாகவே இருந்திருக்கிறது. அதுவும் தீவுகளில்தான். ஒரு முறை, சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய வட ஜெர்மனி சிறு சிறு தீவுகளாகக் கடலில் கிடந்த காலத்தில். அதன் பெயர் யூரோப்பாசரஸ். இன்னொரு முறை, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய ருமேனியாவின் ஹாட்செக் பகுதி தீவாக இருந்தபோது. அதன் பெயர் மக்யாரோசரஸ். ஆகவே நீங்கள் வெறும் கையோடு தொடங்கவில்லை.

உங்கள் நண்பர்கள் கண்ட குறை விலங்கின் உடம்பில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது நிற்கிற நிலத்தில் இருக்கிறது. கொம்பு, முள், குண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்ன நீங்கள், தீவைப் பற்றிச் சொன்னது "நாலு பக்கமும் கடல்" என்ற ஒன்றுதான். அந்தத் தீவு எவ்வளவு பெரியது, என்ன முளைக்கிறது, வறட்சி வருமா, யார் யாரைத் தின்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். விலங்கின் பாதி உடம்பு அதிலேயே உருவாகிவிடும். மீதிப் பாதியும் கதையின் முடிச்சுகளும் அதிலிருந்தே கிடைக்கும். ஹாட்செக் தீவையே மாதிரியாக வைத்து இதைக் காட்டுகிறேன்.

1895ஆம் ஆண்டு. அன்று ஹங்கேரியின் ஆட்சிக்குள் இருந்த டிரான்சில்வேனியாவில், நோப்சா என்ற பிரபு குடும்பத்தின் நிலத்தில், இலோனா என்ற பெண் சில எலும்புகளைக் கண்டெடுத்தாள். அண்ணன் ஃபிரான்ஸ் நோப்சாவுக்கு அப்போது 18 வயது. எலும்புகளை வியன்னாவுக்கு எடுத்துப்போய் இது என்னவென்று கேட்டான். நீயே படித்துக் கண்டுபிடி என்ற தோரணையில் பதில் வந்தது. அவனும் படித்தான், தன் காலத்தின் மிகச் சிறந்த தொல்லுயிர் அறிஞர்களில் ஒருவனானான். (அல்பேனியாவின் அரசனாகவும் தன்னை முன்னிறுத்திக்கொண்ட மனிதர் அவர். அந்த வாழ்க்கையே தனிக் கதைக்கு ஆகும்.) தன் ஊரில் கிடைத்த டைனோசர்கள் எல்லாம் மற்ற இடங்களில் உள்ள உறவினர்களை விடச் சின்னதாக இருப்பதைக் கவனித்தார். 1914 அளவில் ஒரு விளக்கம் சொன்னார்: இந்த இடம் அந்தக் காலத்தில் தீவாக இருந்திருக்கிறது, தீவில் அடைபட்ட பெரிய விலங்குகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப் போயிருக்கின்றன.

அதை நிரூபிக்க சுமார் நூறு ஆண்டு ஆனது. "சின்ன எலும்பு என்றால் குட்டியின் எலும்பாக இருக்கலாமே" என்று யாரும் கேட்கலாம் அல்லவா? 2010இல் மக்யாரோசரஸ் எலும்புகளை மெல்லிய சில்லாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வளரும் குட்டியின் எலும்பில் புது அடுக்குகள் வேகவேகமாகக் கட்டப்பட்டிருக்கும். வயதேறிய விலங்கின் எலும்பில் பழையதைக் கரைத்து, அதே இடத்தில் மறுபடி கட்டிய தடங்கள் நிறைந்திருக்கும். இந்தச் சின்ன எலும்புகளில் அப்படி மறுபடி கட்டிய தடங்கள் கொட்டிக் கிடந்தன. முழு வளர்ச்சி முடிந்த குள்ள விலங்குகள்தான் அவை. யூரோப்பாசரஸின் கதையும் இதேதான்: முதலில் குட்டி என்று நினைத்தார்கள், எலும்பை அறுத்துப் பார்த்த பிறகு வளர்ந்தது என்று தெரிந்தது.

ஏன் சிறுக்க வேண்டும்? ஹாட்செக் தீவின் பரப்பு சுமார் 80,000 சதுர கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இலங்கையை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு மலை ஏறி நின்றால் எல்லை தெரிகிற குட்டித் தீவு இல்லை. ஆனால் 40 டன், 50 டன் விலங்குகள் பல்லாயிரம் தலைமுறைக்குப் பிழைத்திருக்க அந்த இடம் போதாது. மழை பொய்த்த வருஷத்தில் பக்கத்து நாட்டுக்கு நடந்து போக வழியில்லை. குறைந்த தீனியில் சீக்கிரம் பருவத்துக்கு வந்து முட்டையிடுகிற சிற்றுடல்காரருக்கே அங்கே வம்சம் தழைக்கும். கணக்காகவும் பார்க்கலாம். 24 மீட்டர் நீளமும் 50 டன் எடையும் உள்ள விலங்கை அதே வடிவத்தில் நாலில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருக்கினால், எடை நாலில் ஒரு பங்காகாது. 64இல் ஒரு பங்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குகின்றன அல்லவா? அப்படியானால் கிடைப்பது 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யூரோப்பாசரஸுக்குச் சொல்லப்படும் எடையும் ஏறத்தாழ அதுவே. ஒரு வீட்டுக் கொல்லையில் கட்டி வைக்கக்கூடிய எடை. உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. ஆறு மீட்டரை மாற்றாதீர்கள்.

இனி நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். தீவு உடம்பைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. அச்சத்தையும் மாற்றி எழுதுகிறது. வேட்டையாடும் மிருகம் வந்து சேராத தீவுகளில் விலங்குகள் பயத்தையே மறந்துவிடும். மொரீஷியஸின் டோடோவுக்கு நேர்ந்ததும் அதனால்தான். கப்பலில் வந்தவர்களைக் கண்டு ஓடத் தெரியவில்லை. ஹாட்செக்கில் பெரிய ஊனுண்ணி டைனோசரின் எலும்பு இதுவரை கிடைக்கவில்லை. கண்டங்களில் டைரனோசர் வகையறாவும் அபெலிசார் வகையறாவும் அதிகாரம் செலுத்திய அந்தக் காலத்தில், இந்தத் தீவில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தது பறக்கும் ஊர்வன இனம் ஒன்று. ஹாட்செகோப்டெரிக்ஸ் என்று பெயர், 2002இல் பெயரிட்டார்கள். இறக்கை விரித்தால் நுனிக்கு நுனி 10 மீட்டருக்கும் மேல். நம்மூர் டவுன் பஸ் ஒன்றின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இனத்தில் மற்றவற்றுக்குக் கழுத்து குச்சி போல நீண்டு மெலிந்திருக்கும். இதற்கு மட்டும் குட்டையான, தடித்த, முரட்டுக் கழுத்து. 2017இல் அந்தக் கழுத்தெலும்பை ஆராய்ந்தவர்கள், தீவின் தலைமை வேட்டைக்காரன் இதுவாகவே இருந்திருக்கும் என்று எழுதினார்கள்.

இதைக் கதையில் வைத்தால் கழுகு போல மேலிருந்து பாய்ந்து கவ்விப் பறக்கிற மாதிரி எழுதிவிடாதீர்கள். அதன் கால் அதற்கானதில்லை. தரையில் இறங்கும், இறக்கையை மடித்து முன்னங்காலாக ஊன்றி நாலு காலில் நடக்கும், வயலில் கொக்கும் நாரையும் மேய்வது போல நடந்தே இரை தேடும். ஒட்டகச்சிவிங்கி உயரமுள்ள நாரை ஒன்று புதருக்கு மேலே தலை தெரிய மெல்ல நடந்து வருவதை எண்ணிப் பாருங்கள். 800 கிலோ விலங்கை அது தொடாது. குட்டியை விழுங்கிவிடும்.

இப்போது உங்கள் விலங்கின் மனதுக்குள் போய்ப் பாருங்கள். அதற்குத் தரையில் ஓடி வருவது எதுவும் எதிரியில்லை. மனிதன் பக்கத்தில் வந்தால் முகர்ந்து பார்க்குமே தவிர மிரளாது. பழக்குவதற்கு இவ்வளவு எளிதான மிருகம் வேறில்லை. ஆனால் சின்ன வயதில் அது கண்ட சாவு முழுவதும் வானத்திலிருந்து இறங்கியது. தரையில் ஒரு நிழல் வேகமாக நகர்ந்தால் போதும், எட்டாள் பிடித்தாலும் நிற்காது. அந்தத் தீவின் மனிதர்கள் இதற்குத் தக்கபடி வாழப் பழகியிருப்பார்கள். அங்கே குழந்தைகளுக்குப் பட்டம் விடும் விளையாட்டு இருக்காது. துணி உலர்த்துகிற கொடிகூட கூரைக்கு அடியில்தான். கோவில் திருவிழாவில் கொடியேற்றம் இருந்தால் அன்று விலங்குகளைக் கண் கட்டி நிறுத்துவார்கள். மேகம் வேகமாக ஓடுகிற ஆடி மாதம் போன்ற காலத்தில் யாரும் பயணம் போக மாட்டார்கள். பகைவர் ஊரைத் தாக்க வாள் வேண்டாம். காற்றடிக்கும் நாளில் ஒரு பெரிய துணியைப் பறக்கவிட்டால் போதும். இவை என் கற்பனை. ஆனால் எல்லாம் ஒரு கழுத்தெலும்பிலிருந்து வந்தவை. கொம்பிலிருந்து இவ்வளவு வராது.

கொம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. உடம்பில் துருத்திக்கொண்டு நிற்கிற ஒவ்வொன்றுக்கும் தீனி செலவாகிறது. தீனி குறைந்த தீவில், எதிரி தரையில் இல்லாதபோது, இரட்டைக் கொம்பையும் வால் குண்டையும் சுமந்து திரிய ஒரு காரணம் வேண்டும். நீள்கழுத்து டைனோசர்களின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதனால்தான் கழுத்து அவ்வளவு நீள முடிந்தது. அந்தக் குட்டித் தலையில் கொம்பை ஏற்றினால் கழுத்தின் கணக்கே தப்பிப்போகும். முதுகு முள் வரிசையை மட்டும் தகடுகளாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். நீள்கழுத்து டைனோசர்களில் ஒரு பிரிவான டைட்டனோசர் கூட்டத்தில் சிலவற்றுக்குத் தோலுக்குள் எலும்புத் தகடுகள் இருந்தன. மடகாஸ்கரில் கிடைத்த ரபெட்டோசரஸின் தகடு ஒன்றைப் பிளந்து பார்த்தபோது உள்ளே பெரிய பொந்து. வறட்சிக் காலத்திலும் முட்டையிடும் காலத்திலும் உடம்பு அந்தத் தகட்டிலிருந்து கால்சியத்தை எடுத்துச் செலவழித்திருக்கும் என்பது 2011இல் வெளியான ஆய்வின் விளக்கம். கவசம் என்று நினைத்தது களஞ்சியமாக முடிந்தது! உங்கள் தீவில் ஒரு கிழவி பெட்டை விலங்கின் முதுகைத் தடவிப் பார்த்து, "தகடு வத்திப்போச்சு, இந்த வருஷம் முட்டைக்கு விடாதே" என்று சொல்லட்டும். அந்த ஒரு வரியில் வாசகர் உங்களை நம்பிவிடுவார்.

சாப்பாடு. இந்த விலங்குகள் மெல்லாது. இலையைக் கவ்வி உருவும், விழுங்கும், அவ்வளவுதான். அரைக்கிற வேலை வாயில் நடந்தால் தாடையும் கடைவாய்ப் பல்லும் பெருக்க வேண்டும், தலை கனக்க வேண்டும். மெல்லாததால் நேரம் மிச்சம். யானைக்கு ஒரு நாளில் பெரும்பகுதி மெல்லுவதிலேயே போகிறது. விழுங்கியது பெரிய வயிற்றில் நாட்கணக்கில் ஊறிப் புளித்துக் கரையும். ஆகவே மாடு மாதிரி படுத்து அசை போடுகிற காட்சி உங்கள் கதையில் வரக்கூடாது. கொல்லையில் புளித்த வாடை மட்டும் எப்போதும் இருக்கும்.

புல் மேயுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. அதை மாற்றியது நம் நாட்டுச் சாணம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்ற இடத்தில் கல்லாகிப்போன சாண உருண்டைகள் கிடைக்கின்றன. டைட்டனோசர்களுடையவை என்று கருதப்படுபவை. அவற்றுக்குள் புல்லின் இலையில் மட்டும் உருவாகும் நுண்ணிய மணற்சத்துத் துகள்கள் இருப்பதை 2005இல் இந்திய ஆய்வாளர்களும் சுவீடன் ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்டார்கள். பிறகு செய்த ஆய்வில் அத்துகள்களில் சில நெல் இருக்கும் கிளையைச் சேர்ந்தவை என்றும் தெரிந்தது. நெல்லின் பங்காளிகளை டைனோசர் மேய்ந்திருக்கிறது! இதை முதலில் படித்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. உங்கள் தீவில் வயலும் விலங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேலிச் சண்டை தானாக வரும். தள்ளி நின்றபடியே கழுத்தை நீட்டி மேயக்கூடிய மிருகத்துக்கு எப்படி வேலி போடுவது? வேலிக்கு உயரம் உதவாது, அகலம்தான் வேண்டும். வரப்புக்கு வெளியே அகலமாக முள் பரப்பியிருப்பார்கள். அந்த முள் பட்டைக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கும்.

குரலை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: கர்ஜிக்க விடாதீர்கள். வாயைத் திறந்து கத்துவது சிங்கத்தின் வழி. டைனோசரின் இரண்டு பக்கத்து உறவினர்கள், முதலையும் பறவையும், வாயை மூடிக்கொண்டே தொண்டையை உப்பவைத்து ஒலி எழுப்பத் தெரிந்தவை. புறாவின் குமுறலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் அலிகேட்டர் குமுறும்போது அதன் முதுகின் மேல் உள்ள தண்ணீர் துளித்துளியாகத் துள்ளும். உங்கள் விலங்கு கொல்லையில் குமுறினால் வீட்டுக்குள் பானைத் தண்ணீர் நடுங்கட்டும்.

இனி உங்கள் முதல் அத்தியாயம். இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, நீங்கள் ஆசையாக எழுதியிருப்பீர்கள். தாயிடமிருந்து குட்டியைத் திருடும் காட்சி நிற்காது. தாய் அங்கே இருந்திருக்க மாட்டாள்.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் டைட்டனோசர்கள் முட்டையிட்ட இடங்களை டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. 92 கூடுகள், 256 முட்டைகள். ஒவ்வொன்றும் 15 முதல் 17 சென்டிமீட்டர் குறுக்களவு. கூட்டுக்குக் கூடு அவ்வளவு நெருக்கம். பெரிய உடம்போடு நடுவில் நடந்தால் முட்டை நொறுங்கும். ஆகவே மண்ணில் புதைத்துவிட்டுத் தாய்கள் போய்விட்டிருக்கும், நம் கடற்கரையில் பங்குனி ஆமை செய்வது போல. அர்ஜென்டினாவில் 1997இல் கண்டுபிடித்த ஆவ்கா மவேவோவிலும் இதே காட்சிதான்: ஆயிரக்கணக்கான முட்டைகள், சிலவற்றுக்குள் கருவின் தோல் கூடப் பதிந்திருக்கிறது. குஜராத்தின் தோளி டுங்ரியில் ஒரு கூட்டின் கதை இன்னும் கலங்கவைக்கும். உடைந்த முட்டையைச் சுற்றி மூன்றரை மீட்டர் பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. மண் சரிந்து அந்த நொடியிலேயே எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. முதலில் எடுத்த தனஞ்சய் மொஹபே எல்லா எலும்பும் குஞ்சினுடையது என்றே எண்ணியிருந்தார். அதில் பாம்பு இருப்பது பிறகுதான் தெரிந்தது. 2010இல் அதற்கு சனாஜே என்று பெயர் வைத்தார்கள். காவலுக்குத் தாய் இருந்திருந்தால் அந்தப் பாம்பு அங்கே நிம்மதியாகச் சுருண்டிருக்காது.

இதனால் உங்கள் கதை இழப்பது ஒரு காட்சி, கிடைப்பது நிறைய. தாய் வளர்க்காத குஞ்சு யார் பின்னாலும் ஓடாது. வாத்துக் குஞ்சு, முதலில் கண்ணில் பட்டவரை அம்மா என்று எண்ணிப் பின்தொடரும் என்பது தாய் வளர்க்கும் இனங்களுக்குச் சரி. மண்மேட்டில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் மெகாபோட் பறவைகளின் குஞ்சுகள் வெளியே வந்ததும் தனியாகக் காட்டுக்குள் போய்விடும். உங்கள் நாயகி முட்டையைப் பொரியவைத்துக் குஞ்சைக் கையில் ஏந்தினால், அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த ஏமாற்றத்திலிருந்து கதை தொடங்கட்டும். அன்பு பிறகு வரும், தீனி வழியாக. மாமல்லபுரம் பக்கத்தில் உள்ள சென்னை முதலைப் பண்ணையில் முதலைகளைத் தீனி கொடுத்துப் பழக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரச் செய்கிறார்கள். முதலைக்கு முடிவது உங்கள் விலங்குக்கும் முடியும். ஒரே நேரம், ஒரே குரல், ஒரே கை. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் அவள் கூப்பிடாமலே அது தலையைத் திருப்பினால், அந்தப் பத்தியை வாசகர் மறக்க மாட்டார்.

வளர்ச்சியின் வேகத்தையும் மனதில் வையுங்கள். ரபெட்டோசரஸ் குட்டி ஒன்றின் எலும்புகளை 2016இல் ஆராய்ந்தார்கள். பொரிக்கும்போது சுமார் 3.4 கிலோ, நாம் பிறக்கும் எடை. சில வாரங்களில் 40 கிலோ. அதற்குள் வறட்சியில் பட்டினி கிடந்து செத்திருக்கிறது. எலும்பில் வளர்ச்சி தடைப்பட்ட தடம் தெரிகிறது. அந்தச் சின்ன வயதிலேயே பெரியதைப் போன்ற உடல் அளவுகளோடு தானே நடந்து தானே தேடித் தின்றிருக்கிறது. உங்கள் தீவின் குள்ள இனம் இவ்வளவு அவசரப்படாது. யூரோப்பாசரஸின் எலும்புகள் மெதுவான வளர்ச்சியைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் முதல் வருஷத்திலேயே மடியிலிருந்து இறங்கிவிடும்.

முட்டையைப் புதைத்துவிட்டுத் தாய் போய்விடுகிறது என்றால், முட்டை மேடு யாருக்குச் சொந்தம்? உங்கள் நாட்டின் சொத்துத் தகராறு, வரி, திருட்டு, சாமி எல்லாம் அந்த மேட்டைச் சுற்றித்தான் இருக்கும். யானையைக் காட்டிலிருந்துதான் பிடித்துப் பழக்கினார்கள். தாயின் வயிற்றில் 22 மாதம், பிறகு வேலைக்கு ஆக வருஷக்கணக்கு என்று காத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் யானை அரசனுக்கே ஆனது. உங்கள் விலங்கு கூட்டுக்குப் பல முட்டையிடும். ஆகவே அது குடியானவன் வீட்டிலும் நிற்கும். சாமி என்றது சும்மா சொல்லவில்லை. அதே தார் மாவட்டத்தில் உருண்டைக் கற்களை வயல் எல்லையில் வைத்து, பயிரையும் மாட்டையும் காக்கும் காகட் பைரவ் என்று கிராமத்தார் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு வந்தார்கள் என்றும், அவை டைனோசர் முட்டைகள் என்றும் 2023 இறுதியில் செய்தி வந்தது. காகட் என்றால் வயலின் எல்லை. முட்டையை எல்லைச்சாமியாக்க மனிதருக்கு மாய உலகம் தேவைப்படவில்லை.

வேலைக்குப் பூட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, நுகத்தடி பொருந்தாது. நம் காளைக்குத் திமில் இருக்கிறது, நுகம் அதில் முட்டி நிற்கும். இதற்குத் திமிலும் இல்லை, கழுத்தெலும்பு முழுவதும் காற்றறைகள். கழுத்தில் பாரம் வைத்தால் விலங்கு வீணாகும். தோளையும் மார்பையும் சுற்றிப் பட்டை கட்டித்தான் இழுக்கவிட வேண்டும். இரண்டு, வால். டைனோசரின் தொடையெலும்பைப் பின்னால் இழுத்து உடம்பை முன்னே தள்ளும் பெரிய தசை வாலின் அடியிலிருந்து வருகிறது. முதலைக்கும் அப்படியே. வால்தான் எஞ்சின். அதில் சுமை கட்டினாலோ காயம் பட்டாலோ விலங்கு நொண்டும். உங்கள் ஊரில் வாலை முறுக்கி ஓட்டுகிற வண்டிக்காரனை மற்றவர்கள் அடிக்க வருவார்கள். சவாரி செய்யலாமா என்றால் செய்யலாம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். அதே கணக்கில் இரண்டு பேர் இடுப்புக்கு மேலே உட்காரலாம். ஓட்டம் எதிர்பார்க்காதீர்கள். நடக்கும், நாளெல்லாம் நடக்கும்.

பெயர் இன்னும் வைக்கவில்லை என்று தெரிகிறது. லத்தீன் வாலோடு முடிகிற பெயர் வேண்டாம். அதை வளர்ப்பவர் அப்படிக் கூப்பிட மாட்டார். நம் மொழி உயிர்களுக்குப் பெயர் வைத்த வழியைப் பாருங்கள்: எறும்புதின்னி, மரங்கொத்தி, மீன்கொத்தி, தொட்டாற்சுருங்கி. கண்ணால் கண்ட செயலே பெயர். அந்த வழியில் உங்கள் விலங்கு "நிழலஞ்சி". பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக் காட்சி எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம்மூர் மாட்டுத் தரகர் வாயைப் பிளந்து ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயது சொல்வார். நிழலஞ்சியிடம் அது நடக்காது. நீள்கழுத்து டைனோசர்களுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். டிப்ளோடோகஸுக்கு ஓர் இடத்தில் சுமார் 35 நாளுக்கு ஒரு புதுப் பல், காமராசரஸுக்கு சுமார் 62 நாள் என்று 2013இல் கணக்கிட்டார்கள். ஆகவே கிழட்டு விலங்கின் வாயிலும் புதுப் பல்தான். எலும்புக்குள் மரத்தின் வளையம் போல வயது எழுதியிருக்கும். செத்த பிறகுதான் அதைப் படிக்க முடியும். விற்பவர் சொல்லும் வயதை வாங்குபவர் நம்பியே ஆக வேண்டும். கொல்லையிலும் தெருவிலும் வயல் வரப்பிலும் பென்சில் முனை போன்ற பற்கள் எந்நாளும் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கிப் பல்லாங்குழி ஆடுவார்கள். உங்கள் நாயகியின் குஞ்சு போட்ட முதல் பல் அரிசி மணி அளவுகூட இருக்காது. அவள் அதை எங்கே முடிந்து வைத்தாள் என்று எழுதுங்கள்.